ஆதார் கார்டு என் டிராயரில். ‘இல்லை’ என்று டிக் போடலாமா?

கேள்வி: கேரளாவில் நெடுங்கண்டம் பக்கம் 22 ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறேன். காய் எடுக்கும் ஏற்றுமதிக் கம்பெனி, லண்டன் பார்ட்டி கேட்பதாக ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. ‘கட்டாய உழைப்பு அபாயம் உண்டா?’ என்று ஒரு கேள்வி. கம்பத்திலிருந்து ஜீப்பில் வருகிறவர்களுக்கும் லயத்தில் தங்கியிருக்கும் ஜார்க்கண்ட் ஆட்களுக்கும் முன்பணம் கொடுப்பது வழக்கம். ஜார்க்கண்ட் ஆட்களின் ஆதார் கார்டுகள் பத்திரமாக என் டிராயரில் இருக்கின்றன. ‘இல்லை’ என்று டிக் போட்டு அனுப்பிவிடலாமா?

பதில்: போடாதீர்கள். முதலில், இன்று சாயங்காலமே கார்டுகளை அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் பதிவுக்கு நகல் போதும். நீங்கள் நல்ல எண்ணத்தில் வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் அடையாள ஆவணத்தைப் பிடித்து வைப்பது கட்டாய உழைப்புக்கு ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) சொல்லும் 11 அறிகுறிகளில் ஒன்று.

இந்தப் படிவத்துக்கு மூலகாரணம் பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம். அங்கே வியாபாரம் செய்யும், ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டைத் தொட்ட கம்பெனிகள் வருடா வருடம் அறிக்கை வெளியிட வேண்டும். இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ‘ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதினாலும் அந்தச் சட்டத்துக்குப் போதும். அதனால் அபாயத்தை ஒப்புக்கொள்வதில் தவறில்லை. உங்கள் பொய் ‘இல்லை’யை நம்பி அந்த இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டால்தான் வம்பு.

முன்பணத்துக்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை. நம்முடைய 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே போதும். 3 ஆண்டு வரை சிறை. முன்பணம் கொடுப்பது குற்றமில்லை, ‘பாக்கி தீராமல் வேலையை விட்டுப் போகக் கூடாது’ என்று பிடித்து வைப்பதுதான் குற்றம். அது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். பற்று நோட்டைத் திறந்து பாருங்கள். பெயருக்கு நேரே ‘12,000’ என்று மட்டும் இருந்தால் அது உங்களைக் காப்பாற்றாது. தேதி, வாரப் பிடித்தம், மீதி, அவர் கையெழுத்து எல்லாம் வேண்டும். ‘வட்டி கிடையாது; எப்போது வேண்டுமானாலும் ஊருக்குப் போகலாம்’ என்று இந்தியிலும் எழுதிக் கொடுங்கள்.

கூலியையும் சரிபாருங்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்தால் அதுவே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லிவிட்டது.

படிவத்தில் இப்படி எழுதலாம்: ‘அபாயம் உண்டு. வெளிமாநில ஆட்கள், முன்பணம். கார்டுகளை இன்ன தேதியில் திருப்பிக் கொடுத்தோம். முன்பணக் கணக்கை இனி தேதி, பிடித்தம், மீதியோடு எழுதுகிறோம்.’ ஆள் கூட்டி வந்த ஏஜென்ட் கூலியில் கமிஷன் பிடித்தால் அதையும் மறைக்காதீர்கள். அந்தக் கமிஷனை இனி நீங்களே கொடுங்கள். கம்பெனியிலிருந்து போன் வரலாம், நாலு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். அதற்கு, கார்டு திருப்பிக் கொடுத்தபோது வாங்கிய கையெழுத்துத் தாளின் நகலைப் படிவத்தோடேயே அனுப்பிவிடுங்கள்.