கேண்டர் ஊர்க்காரர்கள் நிஜமாகவே அப்படித்தானா?

கேள்வி: "'கம் ஃப்ரம் அவே' இசை நாடகத்தில் ஒரு சின்ன ஊரே சேர்ந்து முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்டுத் தங்க வைக்கிறது. உண்மையில் அப்படி நடந்ததா, இல்லை எல்லாம் மேடைக்காக ஏற்றிய சர்க்கரையா?"

நடந்தது. நானே அந்த ஊரில் ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டவன், அதனால்தான் கேள்வியைப் பார்த்ததும் சும்மா கடந்து போக முடியவில்லை.

நீங்கள் அநேகமாக 2021-ல் ஆப்பிள் டிவியில் வந்த மேடைப் பதிவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். விவரம் இதுதான். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளியை மூடியதும், 200க்கும் மேற்பட்ட விமானங்கள் கனடாவுக்குத் திருப்பப்பட்டன. அதில் 38 விமானங்கள் நியூஃபவுண்ட்லாண்ட் தீவிலுள்ள கேண்டரில் இறங்கின. ஊர் ஜனத்தொகை சுமார் 10,000, வந்து இறங்கியவர்கள் கிட்டத்தட்ட 7,000. அவ்வளவு சின்ன ஊருக்கு அவ்வளவு பெரிய ஓடுபாதை எதற்கு என்றால், ஜெட் வருவதற்கு முன் அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களில் பல அங்கே நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் போகும். பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், அதை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்தார்கள். ஐஸ் ஹாக்கி அரங்கத்தையே குளிர்சாதனப் பெட்டியாக்கி உணவை வைத்தார்கள். இதெல்லாம் நாடகத்துக்காகச் செய்த கற்பனை இல்லை. எழுதிய ஐரீன் சங்காஃப், டேவிட் ஹைன் தம்பதி, பத்தாம் ஆண்டு நினைவின்போது 2011-ல் அங்கேயே போய்த் தங்கி, ஊர்க்காரர்களையும் திரும்பி வந்திருந்த பயணிகளையும் உட்கார வைத்துப் பேசி எடுத்தது.

இப்போது என் கதை. நான் அதே தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகரத்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தேன். 2014 பிப்ரவரியில் டொராண்டோவிலிருந்து திரும்பும்போது செயின்ட் ஜான்ஸில் பனிமூட்டம், இறங்க முடியவில்லை என்று விமானத்தைக் கேண்டருக்குத் திருப்பிவிட்டார்கள். நள்ளிரவு. கவுண்டரில் இருந்த பெண் "வானிலை காரணம் என்பதால் ஹோட்டல் கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். விமான நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், எல்லா நிறுவனமும் அந்த வரியை மனப்பாடம் செய்துதான் வைத்திருக்கிறது. என்னிடம் லேப்டாப் பையைத் தவிர வேறொன்றும் இல்லை, பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள்.

பக்கத்து இருக்கையில் வந்த வயதான தம்பதி கேண்டர்காரர்கள். செயின்ட் ஜான்ஸில் மகன் வீட்டில் ரெண்டு நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்று டிக்கெட் எடுத்தவர்களை, விமானம் சொந்த ஊரிலேயே இறக்கிவிட்டது. அவர்களுக்கு ஒரே சிரிப்பு. அந்த அம்மா என்னைப் பார்த்து "வா மை லவ், எங்க வீட்ல படு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே கடைக்காரம்மா, பஸ் ஓட்டுநர் எல்லோருமே எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நம்மூர் "கண்ணு", "ராசா" மாதிரி என்று பல்கலைக்கழகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு அது ஞாபகம் வரவில்லை.

போனேன். வீட்டுக் கதவு பூட்டவே இல்லை, இத்தனைக்கும் ஒரு வாரமாக ஊரில் இல்லாதவர்கள். பெரியவர் வண்டியில் வரும்போதே, "ஹூ நிட் யா?" என்றார். உன்னைப் பின்னினது யார் என்று அர்த்தம், அதாவது நீ யார் வீட்டுப் பிள்ளை. தமிழ் என்றதும், "அந்தப் படகில் வந்தவங்க ஆளுங்களா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்: 1986 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர்கள் 155 பேரை ரெண்டு உயிர்காப்புப் படகுகளில் இந்தத் தீவின் தெற்குக் கடலில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட, மீனவர்கள்தான் கண்டுபிடித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களைத் தங்க வைத்தது நான் படித்த அதே பல்கலைக்கழகத்தின் விடுதியில். அங்கே ஒன்றரை வருஷம் இருந்தும் எனக்கு இது தெரியாது, அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சூடுபடுத்திய அறை, மடித்து வைத்த பச்சைத் துண்டு, பிரிக்காத பல் துலக்கும் பிரஷ். காலையில் அந்த அம்மா டௌட்டன் என்று ஒன்று போட்டார். பிரெட் மாவை உள்ளங்கை அளவுக்குத் தட்டி வாணலியில் பொரித்து, மேலே மொலாசஸ் (கரும்புப் பாகு) ஊற்றிக் கொடுப்பது. நான் சைவம் என்று சொன்னதும் தனியாக எண்ணெயில் பொரித்தார், வழக்கமாகப் பன்றிக் கொழுப்பாம். நாலு சாப்பிட்டேன். ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு போன் போட்டேன். நியூஃபவுண்ட்லாண்டும் நம்மைப் போல அரைமணி நேரக் கணக்கு, குளிர்காலத்தில் சரியாக ஒன்பது மணி நேர வித்தியாசம் என்பதால் அம்மா மட்டும் எப்போதும் மணியைத் தப்பாமல் சொல்லிவிடுவாள்.

அப்புறம் நான் செய்த காரியம். கிளம்பும்போது 40 டாலரைக் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன். அந்த அம்மா பார்த்துவிட்டார். திட்டவில்லை, முகம் மட்டும் சட்டென்று சுருங்கிவிட்டது. நோட்டை என் கோட் பாக்கெட்டில் திணித்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். விமான நிலையம் வரைக்கும் நானும் பெரியவரும் பேசவே இல்லை. மதியம் விமானம் கிளம்பிவிட்டது.

2018-ல் டொராண்டோ ராயல் அலெக்சாண்ட்ரா அரங்கில் மனைவியோடு நாடகத்தைப் பார்த்தேன். எல்லோரும் மகனைத் தேடும் தாயின் பாட்டுக்கு அழுதார்கள், எனக்கு அதற்கு முன்பே, ஊர்க்காரர்கள் "எங்க வீட்ல வந்து குளிச்சுக்கோங்க" என்று கூப்பிடும் இடத்திலேயே ஆகிவிட்டது. பயணிகள் காசு கொடுக்கப் பார்ப்பதும் அவர்கள் வாங்க மறுப்பதும் வந்தபோது நான் சீட்டில் நெளிந்தேன்.

"ஒரு ராத்திரி சோறு போட்டதும் ஊரையே கோவில் கட்டிக் கும்பிடுறான்" என்று கமெண்டில் யாராவது எழுதத்தான் போகிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை. அதே தீவில் என்னிடம் சிடுசிடுத்தவர்களும் உண்டு. நாடகமும் முழுக்கச் சர்க்கரை என்று சொல்ல முடியாது. அலி என்ற எகிப்தியச் சமையல்காரரைச் சக பயணிகளே சந்தேகமாகப் பார்க்கிறார்கள், திரும்ப ஏறும்போது அவரை உடை களைந்து சோதிக்கிறார்கள். என் குறை, அதைச் சீக்கிரம் கடந்துவிட்டார்கள் என்பதுதான். பெயரைப் பார்த்தே தனி வரிசைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அந்தக் காட்சி இன்னும் நீண்டிருக்கலாம் என்று தோன்றும்.

ஆனால் அந்த மேடை! 12 பேர்தான் நடிகர்கள், அவர்களே ஊர்க்காரர்கள், அவர்களே பயணிகள். ஒன்றுக்கொன்று பொருந்தாத கொஞ்சம் நாற்காலிகள், அதுவே விமானம், அதுவே பேருந்து, அதுவே மதுக்கடை. இடைவேளையே இல்லாமல் 100 நிமிடம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே எங்கள் தமிழ் அமைப்பு ஒன்றின் ஆண்டுவிழா நாடகத்தில் 40 பேர் நடித்தோம், ஒவ்வொரு காட்சிக்கும் திரையை இழுத்து சோபாவை மாற்ற எட்டு நிமிடம் ஆனது, அந்த எட்டு நிமிடமும் செயலாளர் மைக்கைப் பிடித்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலி போதும் சார் என்று நான் சொன்னதற்கு அடுத்த வருஷம் என்னைக் கூட்டத்தில் நிற்கும் ஆளாகக்கூடப் போடவில்லை. சரி, அது இங்கே வேண்டாம்.

முடிந்தால் மேடையில் பாருங்கள், இல்லாவிட்டால் பதிவே போதும். டௌட்டனை நான் வீட்டில் பூரி மாவில் செய்து பார்த்தேன், கல் மாதிரி வந்தது. ஈஸ்ட் போட்டு ராத்திரி முழுக்கப் பொங்கவிட்ட மாவு வேண்டுமாம்.