எக்ஸ்-மென்னை யார் நன்றாக எழுதினார்? கேள்விகளும் பதில்களும்

மார்வெல் காமிக்ஸில் ‘மியூட்டன்ட்’கள், அதாவது பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்டவர்கள், சேர்ந்த அணியான எக்ஸ்-மென்னை எழுதியவர்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு நிபந்தனைகள். காமிக்ஸ் மட்டும்தான்; படம், கார்ட்டூன், கேம் பற்றியெல்லாம் வேண்டாம். அப்புறம், ஒரு ரன்னை (ஒருவர் தொடர்ந்து செய்த இதழ் வரிசையை) சொல்லும்போது ஓவியர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுத்தாளர் பெயரை மட்டும் வைத்து சண்டை போட வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கதையின் முடிவுகளை மறைக்காமல்தான் பேசப்போகிறேன்.

நிலவன்: அண்ணா, நான் புதிது. 1963 முதல் இதழிலிருந்தே தொடங்கலாமா?

வேண்டாம் தம்பி. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிவைத்தது நல்ல யோசனை, ஆனால் அவர்கள் கையில் அது முழுதாக வளரவில்லை. பின்னால் ராய் தாமஸ் எழுத, கடைசியில் நீல் ஆடம்ஸ் வரைந்த இதழ்கள் கண்ணுக்கு விருந்து. அப்படியும் விற்பனை தேறாமல் 1970இல் 66ஆம் இதழோடு புதுக்கதை நின்றது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் பழைய கதைகளையே மறுபதிப்பு போட்டார்கள். 1975இல் லென் வீனும் டேவ் காக்ரமும் சேர்ந்து செய்த ‘ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென்’ முதல் இதழில் தொடங்குங்கள். ஸ்டார்ம், நைட்கிராலர், கொலோசஸ் எல்லாம் அதில்தான் அறிமுகம். வூல்வரின் முந்தைய வருடமே ஹல்க் இதழில் வந்துவிட்டவர், இங்கே அணியில் சேர்கிறார். அடுத்து 94ஆம் இதழிலிருந்து கிறிஸ் கிளேர்மான்ட். நேராகப் போகலாம்.

மீனாட்சி: கிளேர்மான்ட்டை எல்லோரும் கொண்டாடுகிறீர்கள். நான் இருபது இதழ் படித்தேன். பக்கம் முழுக்க வசனம், ஒவ்வொரு இதழிலும் அதே விளக்கம். சலித்துவிட்டது.

நியாயமான புகார்தான். ஆனால் எப்படிப் படித்தீர்கள்? ஒரே வாரத்தில் இருபதையும் படித்திருப்பீர்கள். அந்த இதழ்கள் மாதம் ஒன்றாகக் கடையில் தொங்கியவை. போன மாத இதழைத் தவறவிட்டவனுக்கும், அன்றைக்குத்தான் முதன்முதலாக வாங்குகிறவனுக்கும் கதை புரிய வேண்டும். அதனால்தான் சைலாக் ஒவ்வொரு முறையும் தன் மனோசக்தியின் முழு வீச்சையும் விளக்குகிறாள், வூல்வரின் தன் தொழிலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். தொகுப்பாகப் படிக்கிற நமக்கு அது தலைவலி. ஒரு நாளைக்கு இரண்டு இதழுக்கு மேல் போகாதீர்கள்.

வசனம் அதிகமாக இருப்பதற்கு இன்னொரு காரணம், அன்றைய மார்வெலின் வேலைமுறை. கதைச்சுருக்கத்தைப் பேசி முடிவு செய்வார்கள். ஓவியர் பக்கம் பக்கமாகப் பிரித்து வரைவார். வரைந்து வந்த பக்கத்தின் மேல் எழுத்தாளர் கடைசியாக வசனம் எழுதுவார். அதாவது எந்தக் காட்சிக்கு எவ்வளவு இடம், யார் முகம் பெரிதாக, சண்டை எங்கே தொடங்கும் என்பதில் பாதிக்கு மேல் ஓவியர் கையில். வசனம் எழுதுகிறவர் தான் நினைத்தது படத்தில் இல்லையென்றால் பலூனில் நிரப்புவார். ஜான் பைர்ன் வரைந்த 108 முதல் 143 வரையிலான இதழ்களில் இருவருக்கும் நடந்த இழுபறியே கதைக்குச் சூடு கொடுத்தது. பைர்ன் கனடாவில் வளர்ந்தவர். கனடாக்காரனான வூல்வரினை ஓரம்கட்ட விடவில்லை. காக்ரமுக்கோ நைட்கிராலர்தான் செல்லம். ஓவியர் மாறினால் அணியில் யாருக்கு வெளிச்சம் விழும் என்பதே மாறியது. இதை “கிளேர்மான்ட் ரன்” என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் என்ன அர்த்தம்? பதினாறு வருடம், காக்ரம், பைர்ன், பால் ஸ்மித், ஜான் ரொமீட்டா ஜூனியர், சில்வெஸ்ட்ரி, ஜிம் லீ. குறைந்தது ஆறு ரன் அது.

உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் பால் ஸ்மித் (171 நீங்கலாக) வரைந்த 165 முதல் 175 வரை மட்டும் படித்துப் பாருங்கள். அவர் வரைவதில் காற்றோட்டம் இருக்கும். அது பிடிக்கவில்லையென்றால் கிளேர்மான்ட் உங்களுக்கு இல்லை, விட்டுவிடலாம்.

ராஜா: படங்களில் வந்த வூல்வரின் சரியான உயரமா?

படம் இல்லை என்று சொன்னேன்.

தேவா: டார்க் ஃபீனிக்ஸ் முடிவை எடிட்டர் திணித்தார் என்கிறார்களே? அப்படியானால் அந்தப் பெருமை கிளேர்மான்ட்டுக்கு எப்படிச் சேரும்?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். நடந்தது இது. எக்ஸ்-மென் அணியின் ஜீன் கிரே, ஃபீனிக்ஸ் என்ற அண்ட சக்தியின் வெறியில், ஒரு நட்சத்திரத்தை விழுங்குகிறாள். அதைச் சுற்றிய கோளில் வாழ்ந்த ஐந்நூறு கோடி பேர் சாகிறார்கள். கிளேர்மான்ட்டும் பைர்னும் முதலில் போட்ட முடிவில் அவளுடைய சக்தியைப் பிடுங்கிவிட்டு, சாதாரணப் பெண்ணாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தலைமை எடிட்டர் ஜிம் ஷூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை பேரைக் கொன்றவள் தண்டனை இல்லாமல் போகக்கூடாது என்றார். அதற்குப் பிறகு எழுதியதுதான் 1980இல் வந்த 137ஆம் இதழ்: நிலவில், காதலன் சைக்ளாப்ஸ் கண் முன்னால், ஜீன் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறாள்.

பழைய முடிவு 1984இல் தனிப் புத்தகமாகவே வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஷூட்டர் சொன்னது சரி என்று தெரியும். பழைய முடிவு ஒரு நல்ல மாத இதழ், அவ்வளவுதான். ஆனால் ஷூட்டர் கேட்டது தண்டனை. அதை அவளே எடுக்கும் முடிவாக மாற்றியது எழுதியவர்களும் வரைந்தவர்களும். பெருமையை மூன்றாகப் பிரியுங்கள். வேண்டுமானால் நான்காக, அப்போது இதழின் எடிட்டர்களில் ஒருவர் லூயிஸ் சைமன்சன். அவரைப் பற்றி யாராவது தனியாகக் கேளுங்கள்.

1986இல் ஜீனை உயிரோடு கொண்டுவந்து எல்லாவற்றையும் கெடுத்தது தனிக் கதை.

பிரியா: எங்கிருந்து தொடங்குவது?

நிலவனுக்குச் சொன்னதுதான்.

அருள்: மாரிசன், வீடன் இருவரில் யார்? எனக்கு வீடன்தான்.

‘நியூ எக்ஸ்-மென்’ 2001 முதல் 2004 வரை, 114 முதல் 154 வரையிலான இதழ்கள். கிரான்ட் மாரிசன் வந்த வேகத்திலேயே மியூட்டன்ட்களின் நாடான ஜெனோஷா தீவில் ஒரு கோடியே அறுபது லட்சம் மியூட்டன்ட்களைக் கொன்றார், எக்ஸ்-மென்னை உருவாக்கிய சேவியரின் பள்ளியை உண்மையான பள்ளியாக்கினார், எம்மா ஃப்ராஸ்ட்டை அங்கே ஆசிரியையாக்கினார், முகமூடிகளைக் கழற்றிவிட்டுத் தோல் ஜாக்கெட் மாட்டிவிட்டார். ஜாஸ் வீடன் 2004இல் ‘அஸ்டானிஷிங் எக்ஸ்-மென்’னில் அந்த ஜாக்கெட்டைக் கழற்றிப் பழைய சீருடையை மாட்டிவிட்டார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே இருக்கிறது. மாரிசன் எக்ஸ்-மென் எங்கே போகலாம் என்று தேடினார். வீடனுக்குத் தான் சின்ன வயதில் காதலித்த கிளேர்மான்ட்-பைர்ன் எக்ஸ்-மென் திரும்ப வேண்டும். கிட்டி பிரைடும் செத்துப்போன கொலோசஸும் அதற்காகத்தான் வந்தார்கள்.

ஆனால் அருள், உங்கள் தராசு சரியில்லை. வீடனுக்கு ஜான் காசடே தொடக்கம் முதல் முடிவு வரை. இருபத்தைந்து இதழுக்கு நான்கு வருடம் பிடித்தது, காத்திருந்தவர்கள் நொந்துபோனார்கள், ஆனால் இன்று தொகுப்பாகப் படிக்கிறவருக்கு அது ஒரே கையெழுத்து. மாரிசனுக்கு ஃபிராங்க் குவைட்லி சில இதழ்தான். நடுவில் அவசரத்துக்கு இகோர் கோர்டே, வான் ஸ்கைவர், அப்புறம் ஜிமினெஸ், பச்சாலோ, சில்வெஸ்ட்ரி என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கோர்டே கெட்டிக்காரர்தான், கொடுத்த நாள் போதவில்லை. பலர் “மாரிசன் சறுக்கிய இடம்” என்று காட்டுவது எழுத்து சறுக்கிய இடமே இல்லை. ஓவியர் பெயரைப் பாருங்கள் என்று இதற்காகத்தான் கத்துகிறேன்.

எனக்கு மாரிசன். வீடன் படிக்கச் சுகமானவர்.

வளவன்: மாரிசனா? மேக்னீட்டோவைக் கெடுத்தவரையா ஐயா உயர்த்திப் பேசுகிறீர்கள்? கிளேர்மான்ட் பத்து வருடம் கட்டியதை ஐந்து இதழில் இடித்தார்!

வந்துவிட்டீர்களா. சரி, ஒழுங்காகப் பேசுவோம். 1963இல் மேக்னீட்டோ சும்மா உலகத்தைப் பிடிக்க வந்த வில்லன். 1981இல் 150ஆம் இதழில் கிளேர்மான்ட் அவருக்கு ஆஷ்விட்ஸைக் கொடுத்தார், அதாவது நாஜி வதைமுகாமில் பிழைத்தவர் என்ற கடந்தகாலத்தை. அப்போது சிறுமியான கிட்டியை அடித்து வீழ்த்திவிட்டு, ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்தேனே என்று அவர் உடைகிற இடம் அது. 200ஆம் இதழில் பாரிஸில் விசாரணை, அதற்குப் பிறகு சேவியரின் பள்ளியையே அவர் பொறுப்பில் விடுகிறார்கள். இதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன்.

மாரிசன் ‘நியூ எக்ஸ்-மென்’ 146 முதல் 150 வரை என்ன செய்தார்? அமைதியாக மருத்துவம் பார்த்த சோர்ன்தான் மேக்னீட்டோ என்று முகமூடியைக் கழற்றினார். ‘கிக்’ என்ற போதைக்கு அடிமையான கிழவர் நியூயார்க்கைப் பிடித்து, மனிதர்களை எரியுலைக்கு ஓட்டுகிறார். ஆஷ்விட்ஸில் பிழைத்தவர் அதையே செய்கிறார். அருவருப்பாக இருக்கிறது, ஆமாம். இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். அந்தக் கதையில் அவருடைய மாணவர்களுக்கே கிழவரைப் பிடிக்கவில்லை. சட்டையில் அச்சடித்த, செத்துப்போன மேக்னீட்டோவைத்தான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. இதைவிடக் கூர்மையாக அந்தப் பாத்திரத்தைப் பற்றி யார் எழுதினார்கள்?

செல்வி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எரியுலை கூர்மையா? பிழைத்து வந்தவர்களைப் பற்றி அப்படி எழுதுவது வெறும் அதிர்ச்சி வைத்தியம். கிளேர்மான்ட் அந்த வரலாற்றைக் கையாண்ட மரியாதை மாரிசனிடம் இல்லை.

செல்வி, வளவனைவிட நீங்கள் வலுவாக வாதாடுகிறீர்கள். எரியுலை விஷயத்தில் எனக்கும் நெருடல் உண்டு, அது இல்லாமலே கதை நின்றிருக்கும். ஆனால் கிளேர்மான்ட்டின் மேக்னீட்டோ புனிதர் என்று எல்லோரும் பேசுவதை ஏற்க மாட்டேன். 1981இன் அதே 150ஆம் இதழில் அவர் ஒரு சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை ஆட்களோடு மூழ்கடிக்கிறார். கிட்டியைப் பார்த்து அழுகிறவர் அந்த மாலுமிகளுக்கு அழவில்லை. கிளேர்மான்ட் அதை மறக்கவுமில்லை, பாரிஸ் விசாரணையில் அது வருகிறது. மறந்தது வாசகர்கள்தான். மாரிசன் அந்த வாசகர்களோடுதான் சண்டை போட்டார்.

முத்து: வூல்வரினும் ஹல்க்கும் மோதினால்?

யார் பத்திரிகையோ அவர் ஜெயிப்பார்.

வளவன்: மார்வெலே மாரிசன் செய்ததை அழித்துவிட்டது, அதற்கென்ன சொல்கிறீர்கள்? அது மேக்னீட்டோ இல்லை, சோர்ன் வேஷம் போட்டார் என்று அடுத்த சில மாதங்களிலேயே மாற்றிவிட்டார்களே.

மாற்றினார்கள். மேக்னீட்டோவாக நடித்த சோர்ன், அந்தச் சோர்னுக்கு ஓர் இரட்டைச் சகோதரர். ஜெனோஷாவில் உயிரோடு இருக்கும் மேக்னீட்டோவை 2004இல் ‘எக்ஸ்காலிபர்’ இதழில் எழுதியது யார் தெரியுமா? கிளேர்மான்ட்டேதான். தன் பிள்ளையைத் தானே மீட்டுக்கொண்டார். அது அவருடைய உரிமை, ஆனால் ஒரு கம்பெனி அழித்ததால் கதை மோசம் என்று ஆகாது. அப்படிப் பார்த்தால் ஜீனின் மரணத்தையும் அழித்தார்கள். அதை நீங்கள் கொண்டாடுகிறீர்களே?

செல்வி: மாரிசனே கடைசி இதழ்களில் கிக் என்பது சப்லைம் என்ற கிருமி என்று காட்டுகிறார். அப்படியென்றால் எரியுலை மேக்னீட்டோவின் முடிவே இல்லை, கிருமியின் முடிவு. உங்கள் ‘கூர்மை’ எங்கே போயிற்று?

இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், அந்தக் கிருமி அவருடைய கதையையே நீர்த்துப்போகச் செய்கிறது. எல்லாக் கேட்டுக்கும் ஒரே காரணம் காட்டும் ஆசை அவருக்கு உண்டு. ஆனாலும் 146இல் முகமூடி கழலும் அந்தக் கடைசிப் பக்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குமரன்: ஹிக்மேன் பற்றி யாருமே கேட்கவில்லையே. நான் 2019இல் அவர் எழுதியதோடு உள்ளே வந்தவன்.

நன்றி குமரன், மூச்சு விட்டேன். ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’, ‘பவர்ஸ் ஆஃப் எக்ஸ்’, ஆறு ஆறு இதழ்கள், வரைந்தவர்கள் பெப்பே லாராஸும் ஆர்.பி. சில்வாவும். மொய்ரா என்ற பெண்ணின் மறுபிறவிகள், கிராக்கோவா தீவில் தனி நாடு, செத்தவர்களை மீட்கும் ஐவர். கிராக்கோவா 1975 இதழில் ஆளை விழுங்கும் தீவாக வந்த பழைய அரக்கன் என்பதைக் கவனித்தீர்களா? குப்பையில் கிடந்ததை எடுத்து நாடாக்கினார்.

குறை என்னவென்றால் ஜோனதன் ஹிக்மேனுக்கு ஆட்களைவிட அமைப்புகள் பிடிக்கும். மந்திரி சபை, சட்டம், வரைபடப் பக்கங்கள். நைட்கிராலர் இரவில் எதை நினைத்துத் தூங்காமல் கிடப்பார் என்று கிளேர்மான்ட்டைக் கேட்டால் நாலு பக்கம் எழுதுவார். ஹிக்மேன் தான் திட்டமிட்ட மூன்று கட்டங்களையும் முடிக்கவில்லை. மற்ற எழுத்தாளர்கள் முதல் கட்டத்திலேயே இன்னும் இருக்க ஆசைப்பட்டார்கள், இவர் ‘இன்ஃபெர்னோ’வோடு விலகினார். கிராக்கோவா 2024இல் முடிந்தது. மற்றவர்களின் அந்த ஆசையால் நமக்குக் கிடைத்தது கீரன் கில்லனின் ‘இம்மார்ட்டல் எக்ஸ்-மென்’. எனக்கு அது லாபக் கணக்குதான்.

ஜெயந்தி: புதுசாகப் படிக்க எது நல்லது?

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

சிவா: சக் ஆஸ்டன் எழுதியதைப் படிக்கலாமா?

மாரிசன் எழுதிய அதே வருடங்களில் பக்கத்து இதழில் நைட்கிராலருக்கு ஒரு சாத்தான் அப்பாவைக் கண்டுபிடித்தவர். காசை மிச்சப்படுத்துங்கள்.

தேவா: லூயிஸ் சைமன்சன் பற்றிக் கேட்கச் சொன்னீர்கள்.

கேட்டதற்கு நன்றி. ஜீன் திரும்பி வந்ததற்காகத் தொடங்கிய ‘எக்ஸ்-ஃபேக்டர்’ இதழில் சைக்ளாப்ஸ் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடிவருகிறார். இன்றுவரை அந்த ஆளை மன்னிக்காதவர்கள் உண்டு. ஆறாம் இதழிலிருந்து சைமன்சன் பொறுப்பேற்றார். அந்தக் கேவலத்தை மூடி மறைக்கவில்லை, அதையே கதையாக்கினார்: விட்டுவிட்டு வந்ததன் விலையை சைக்ளாப்ஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். பின்னால் வால்ட்டர் சைமன்சன் வரைய வந்ததும் ஏஞ்சலின் இறக்கையை வெட்டி, வில்லன் அபாக்கலிப்ஸ் கையில் கொடுத்து, உலோக இறக்கையோடு திருப்பி அனுப்பினார்கள். அடுத்தவர் செய்த தவறைச் சுத்தம் செய்தே நல்ல ரன் எழுதலாம் என்பதற்கு இவரைத்தான் காட்டுவேன். சிறந்த எழுத்தாளர் பட்டியல்களில் இவர் பெயர் ஏன் விழுவதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை.

பாலா: எங்கே தொடங்க...

பாலா!

வளவன்: கடைசியாக ஒன்றே ஒன்று. மேக்னீட்டோ...

வளவன், 161ஆம் இதழ். 1982, வரைந்தவர் காக்ரம். இஸ்ரேலின் ஹைஃபாவில் சேவியரும் மேக்னஸும் (மேக்னீட்டோதான்) நண்பர்களாக இருந்த காலம். கடைசியில் நாஜித் தங்கத்தை அள்ளிக்கொண்டு பறந்துபோகிறாரே அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாருங்கள். செல்வியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் இருந்தால்தான் சண்டை சூடுபிடிக்கிறது.