பெரிய டெலஸ்கோப் இல்லாத மலையகத்தில் இருந்து ரேடியோ வானியல் செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: "நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவு. ரேடியோ வானியலில் ஆராய்ச்சி செய்ய ஆசை. நாட்டில் பெரிய ரேடியோ தொலைநோக்கி இல்லை, இங்கே பாதி வருடம் மூடுபனி. இங்கிருந்தே ஏதாவது செய்யலாமா, இல்லை வெளிநாடு போனால்தானா?"

கேட்டவர் தம்பியா தங்கச்சியா தெரியவில்லை, அதனால் நீங்கள் என்றே எழுதுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. ஹட்டன் பக்கம் டிவி ரிப்பெயார் பார்த்து, டிஷ் பூட்டிக் கொடுக்கிற ஆள். பௌதிகவியல் உயர்தரத்தோடு நின்றுவிட்டது. மிச்சமெல்லாம் ஆசைக்குத் தேடிப் படித்தது. உங்கள் கேள்வியில் பாதிக்காவது அது போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் மூடுபனி. கண்ணால் பார்க்கிற தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நுவரெலியாவில் வானம் பார்ப்பது பெரும்பாடுதான். ரேடியோ வானியலில் நாம் பிடிப்பது வானத்தில் இருந்து வரும் ரேடியோ அலையை, அதற்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. மூடுபனியின் துளி ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். வானத்தில் உள்ள ஐதரசன் வாயு வீசும் ரேடியோ அலையின் நீளம் 21 சென்ரிமீற்றர். அது பனி, மேகம் எல்லாவற்றையும் ஊடுருவி வரும், பகலிலும் வரும். மழை பெய்தால் டிஷ் டிவி நின்றுவிடுகிறதே என்று கேட்பீர்கள். டிஷ்ஷுக்கு வருவது 12 கிகாஹேர்ட்ஸ் அளவில், அலைநீளம் இரண்டரை சென்ரிமீற்றர். கொட்டுகிற மழை அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். ஐதரசன் அலை வரும் 1.4 கிகாஹேர்ட்ஸில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

மலையும் நமக்குச் சாதகம்தான். 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை உச்சியில் ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது. அது நேராகத் தெரிகிற இடத்தில் ரேடியோ இரைச்சல், அதாவது நமக்கு வேண்டாத அலைகள், அதிகம். பள்ளத்துக்குள் இருக்கிற லயம் என்றால் சுற்றியுள்ள மலையே மறைத்துவிடும். சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவோமே, அப்படிப்பட்ட இடம்தான் இந்த வேலைக்கு நல்ல இடம். அமெரிக்காவில் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கி நிலையத்துக்காக 1958இல் விதி போட்டு ஒரு பெரிய நிலப்பரப்பையே ரேடியோ அமைதி வலயமாக்கினார்கள். நமக்கு அதில் கொஞ்சம் சும்மாவே கிடைக்கிறது.

இன்னொன்று, நாம் இருப்பது 7 பாகை அகலாங்கில். பால்வீதியின் மையம் இங்கே 54 பாகை உயரம் வரை ஏறும். லண்டனில் அது அடிவானத்தில் இருந்து 10 பாகைகூட ஏறாது. வட வானமும் தென் வானமும் ஏறக்குறைய முழுவதும் நமக்குத் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? எடுத்ததும் காசைச் செலவழிக்காதீர்கள். பழைய டிஷ்ஷில் கழற்றிய எல்.என்.பி. (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டி நின்று சிக்னலைப் பிடிக்கிற பகுதி) ஒன்று, டிஷ் திருப்புவதற்கு நாங்கள் பாவிக்கும் சட்டலைட் ஃபைண்டர் ஒன்று, கரண்ட் கொடுக்க ஒரு ரிசீவர் பெட்டி. எந்த டவுணிலும் என்னைப் போன்ற ஒருவர் கடையில் இவை தூசி பிடித்துக் கிடக்கும், இரவல் கேளுங்கள். எல்.என்.பி.யை வெறும் வானத்துக்குக் காட்டி ஃபைண்டரின் முள்ளைக் கீழே இறக்கி வையுங்கள். அப்புறம் உள்ளங்கையை அதன் வாய்க்கு நேரே பிடியுங்கள். முள் ஏறும். கை கிட்டத்தட்ட 300 கெல்வினில் இருக்கும் பொருள். சூடு உள்ள எதுவும் ரேடியோ அலை வீசும். வானம் அதைவிட எவ்வளவோ குளிர். அதே எல்.என்.பி.யை டிஷ்ஷில் பூட்டிச் சூரியன் பக்கம் திருப்பினால் முள் இன்னும் துள்ளும். கண்ணாடிபோல் மினுங்குகிற டிஷ் மட்டும் வேண்டாம், வெயில் குவிந்து எல்.என்.பி. உருகிவிடும்.

டிஷ்ஷைத் திருப்பாமலே சூரியன் அதற்குள் வந்து விழுகிற நாட்களும் உண்டு. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், ஏறக்குறைய ஒரே நேரத்தில், சில நிமிடங்களுக்கு டிவி படம் உடைந்து நின்றுவிடும். வெளியே நல்ல வெயில் அடிக்கும். அந்த வாரம் முழுக்க எனக்குப் போன் வந்தபடி இருக்கும். டிஷ்ஷில் பிழை ஒன்றுமில்லை. சட்டலைட்டுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கிறது, அதன் ரேடியோ இரைச்சல் சட்டலைட்டின் மெல்லிய சிக்னலை அமுக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் லயத்துக் கூரையில் உள்ள ஒவ்வொரு டிஷ்ஷும் ரேடியோ தொலைநோக்கிதான். வாடிக்கையாளர்களிடம் இதை விளக்கிப் பார்த்திருக்கிறேன். "அது சரி தம்பி, நாடகம் எப்ப வரும்?" என்பார்கள்.

இரைச்சலைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையே இரைச்சலைத் துரத்திப் போன டெக்னிஷியன்மாரால் வந்தது. 1930களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி, பெல் நிறுவனத்தின் பொறியியலாளர், கடல் கடந்த ரேடியோ தொலைபேசியில் கேட்கிற கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடினார். இடி மின்னலைக் கழித்த பிறகும் ஒரு மெல்லிய இரைச்சல் மிச்சம் இருந்தது. அது பால்வீதியின் மையத்தில் இருந்து வந்தது. அதைப் படித்த குரோட் ரீபர் 1937இல் சொந்தக் காசில் வீட்டு வளவில் 9 மீற்றர் டிஷ் கட்டினார். அவரும் ரேடியோ பொறியியலாளர்தான். 1967இல் ஜோஸ்லின் பெல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி. கம்பு நட்டுக் கம்பி இழுத்துத் தொலைநோக்கியைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். காகிதச் சுருளில் சின்ன அழுக்குபோலத் தெரிந்த ஒன்றை விடாமல் பின்தொடர்ந்து, சீரான துடிப்பாக ரேடியோ அலை வீசும் பல்சார் என்ற விண்மீனைக் கண்டுபிடித்தார். வானத்து இரைச்சல் எது, நம் வீட்டு இரைச்சல் எது என்று பிரிக்கத் தெரிவதுதான் இங்கே அடிப்படைத் தொழில் என்பேன். அதைப் பழக வெளிநாடு தேவையில்லை.

அடுத்த படி ஐதரசன். அந்த அணுவில் இலத்திரனின் கறங்கல் புரோத்தனின் கறங்கலோடு ஒரே பக்கமாக இருந்து எதிர்ப் பக்கமாகப் புரளும்போது 1420.4 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் ஓர் அலை வெளியாகும். ஓர் அணு தானாக அப்படிப் புரளச் சராசரியாக ஒரு கோடி வருடம் ஆகும். ஆனால் பால்வீதியில் இருக்கிற ஐதரசனுக்கு அளவேது, எப்போதும் ஏதாவது புரண்டுகொண்டே இருக்கும். 1951இல் ஹார்வர்டில் யூவனும் பெர்செலும் ஆய்வுகூட யன்னலுக்கு வெளியே ஒரு கொம்பு அன்டெனாவை நீட்டி இதை முதலில் பிடித்தார்கள். மழை பெய்தால் அந்தக் கொம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே கொட்டுமாம். நம் ஊரில் கேட்கவே வேண்டாம், நீங்கள் செய்யும் கொம்பின் வாயைப் பொலித்தீன் கட்டி மூடிவிடுங்கள், அலை அதைத் தாண்டி வரும்.

கொம்பு செய்வது கஷ்டமில்லை. சதுரமான தின்னர் டின், அதன் உள்ளே ஐந்து சென்ரிமீற்றர் சொச்சம் நீளத்தில் ஒரு செம்புக் கம்பி, டின்னின் வாயில் இருந்து விரிகிற நான்கு அட்டைகள், அட்டையின் உட்பக்கம் அலுமினியத் தாள். அப்பா காலத்துத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த தாள் இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். இப்போது பெட்டி போய்க் கடதாசிப் பை வந்துவிட்டது, கடையில் விற்கும் சமையல் ஃபொயிலை ஒட்டுங்கள். காசு போவது இரண்டு சாமானுக்கு: 1420க்கான ஃபில்டரோடு வரும் சிறிய அம்ப்ளிஃபயர், கம்பியூட்டரின் யூ.எஸ்.பி.யில் செருகும் எஸ்.டி.ஆர். டொங்கிள் என்ற சின்ன ரேடியோ ரிசீவர். இரண்டும் சேர்ந்து நூறு டொலருக்குள் வரும். பள்ளிக்கூடத்தில் நாலைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள். ஆர்டர் பண்ணுவதற்கு முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் இறக்குமதி விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னலைப் படிக்கும் மென்பொருள் குனு ரேடியோ, நிரல் எழுதும் மொழி பைதன், இரண்டும் இலவசம்.

1400 முதல் 1427 மெகாஹேர்ட்ஸ் வரை உலகம் முழுக்க யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் போன் டவர்களுக்கு நடுவிலும் அந்த இடம் ஓரளவு சுத்தம். கொம்பைத் தரைக்குக் காட்டி ஓர் அளவு, வானத்துக்குக் காட்டி ஓர் அளவு எடுத்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பால்வீதி தலைக்கு மேல் வரும் நேரம் வரைபில் ஒரு மேடு எழும்பும். அந்த மேடு சரியாக 1420.4இல் நிற்காது. வினாடிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை விட்டு விலகும் வாயு என்றால் ஏறக்குறைய 474 கிலோஹேர்ட்ஸ் கீழே தள்ளி நிற்கும். பௌதிகவியல் கொப்பியில் போடுகிற டொப்ளர் கணக்குத்தான். பால்வீதியின் உட்பகுதி என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதை நீங்களே கணக்குப் பண்ணலாம்.

எதிரி வீட்டுக்குள்தான் இருப்பான். மலிவான எல்.ஈ.டி. பல்ப், போன் சார்ஜர், சோலார் இன்வேர்ட்டர் எல்லாம் இரைச்சல் போடும். கீழ் மீடிறன்களில் இது இன்னும் மோசம். வியாழன் கிரகத்தின் ரேடியோ வெடிப்புகளை 20 மெகாஹேர்ட்ஸ் அளவில் இரண்டு கம்பி அன்டெனா கட்டிக் கேட்கலாம் என்பார்கள், ஆனால் நம் ஊர் இடி மின்னலும் தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) மோட்டார்களும் அதை லேசில் விடாது. 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டினார்களே, அந்த இரவுகளில் சிற்றலை ரேடியோ அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. நாடு பட்ட பாட்டுக்கு நடுவில் அதை ரசித்தேன் என்று வெளியே சொல்லவும் முடியவில்லை.

பெரிய தொலைநோக்கி நமக்குத் தூரம் என்றும் நினைக்காதீர்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் பெரிய மாமா குடும்பம் இந்தியா போனது. தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருப்பார்கள். அவர்களைப் பார்க்கப் போனபோது மச்சானைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரைக்குப் போனேன். அங்கேதான் 1970இல் முடித்த ஊட்டி ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. மச்சான் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போய் வந்தவர், அது என்னவென்று விசாரித்ததே இல்லை.

அதை டிஷ் என்று சொல்ல முடியாது. 530 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலத்தில் மலைச் சரிவில் படுத்திருக்கும் ஒரு தொட்டில். 24 வளைந்த இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய துருப்பிடிக்காத கம்பிகள். இதன் சூட்சுமமே அந்தச் சரிவில் இருக்கிறது. ஊட்டியின் அகலாங்கு ஏறக்குறைய 11 பாகை. அதே 11 பாகை சரிவுள்ள, வடக்கு நோக்கி ஏறுகிற மலையைத் தேடிப் பிடித்தார்கள். அப்போது தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகிவிடும். ஒரே ஓர் அச்சில் மெதுவாகத் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு புள்ளியை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இதை இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டினார்கள். தூரத்து ரேடியோ மூலங்களைச் சந்திரன் மறைக்கும் கணத்தைப் பிடித்து அவற்றின் அளவைக் கணித்தார்கள். பெருவெடிப்பா, என்றும் மாறாத பிரபஞ்சமா என்று நடந்த வாதத்தில் அந்த அளவீடுகள் பெருவெடிப்பின் பக்கம் நின்றன. நமக்கு வேண்டியது 7 பாகை சரிவு. வீட்டுக்கு வரும் பாதையில் இப்போதும் தேயிலை மலைகளை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன், பிடித்த மலை ஒன்றிரண்டு இருக்கிறது, காசுதான் இல்லை.

அதே ஸ்வரூப்பின் குழு பிறகு பூனாவில் இருந்து 80 கிலோமீற்றர் தள்ளி, கோடத் கிராமத்தில் 45 மீற்றர் டிஷ்கள் முப்பது வைத்து ஜி.எம்.ஆர்.டி. என்ற ரேடியோ தொலைநோக்கியைக் கட்டியது. உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு விடை அங்கே இருக்கிறது. அந்தத் தொலைநோக்கியில் நேரம் கேட்டு எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் விண்ணப்பிக்கலாம். எடுத்த தரவு குறிப்பிட்ட காலம் கழிந்ததும் எல்லோருக்கும் திறந்துவிடப்படும். டிஷ்ஷுக்குக் கீழே போய் நிற்க வேண்டிய வேலை இது இல்லை. படிப்பு முடியும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்தியாவில் ராட் அட் ஹோம் என்ற குழு 2013 முதல் ஜி.எம்.ஆர்.டி. படங்களில் விசித்திரமான விண்மீன் மண்டலங்களைத் தேடச் சாதாரண ஆட்களைப் பழக்குகிறது. ரேடியோ கலக்ஸி ஸூ போன்ற திட்டங்களில் இப்படிப் படங்களைப் பார்த்து வகைப்படுத்தப் பிரௌசர் ஒன்று இருந்தால் போதும்.

உள்ளூரில் மொறட்டுவை ஆதர் சி. கிளார்க் நிலையத்தோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே 45 சென்ரிமீற்றர் ஒளித் தொலைநோக்கியும் இருக்கிறது. ரேடியோ சங்கத்து ஹாம் ஆட்கள் (ஆசைக்கு ரேடியோ நிலையம் வைத்துப் பேசுகிறவர்கள்) அன்டெனா விஷயத்தில் எந்தப் பேராசிரியருக்கும் குறைந்தவர்கள் இல்லை. எனக்கு இங்கே குறையாகத் தெரிவது கருவி இல்லை, சேர்ந்து செய்ய ஆள்தான். தோட்டப்புறப் பள்ளிக்கூடங்களில் கணித, விஞ்ஞானப் பிரிவே அரிது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முழுநேர ஆராய்ச்சி என்றால், ஆம், ஒரு கட்டத்தில் வெளியே போகத்தான் வேண்டும். பேராதனையிலோ கொழும்பிலோ பௌதிகவியல், அல்லது இலத்திரனியல் பொறியியல், அதற்குப் பிறகு கலாநிதிப் பட்டத்துக்கு இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா. மேற்கு அவுஸ்திரேலியாவில் எஸ்.கே.ஏ. என்ற பன்னாட்டு ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்கு 1,31,072 சிறிய அன்டெனாக்கள் நடத் திட்டமிட்டு வேலை நடக்கிறது. அவ்வளவையும் இணைத்துத் தரவைப் பிரித்தெடுக்க மென்பொருள் ஆட்களும் இலத்திரனியல் ஆட்களும் வானியலாளர் அளவுக்குத் தேவை. அதனால் பைதனை இப்போதே தொடங்குங்கள், கொம்பு பிறகு வரட்டும்.

கடைசியாக, டிஷ் பூட்டுகிறவனாக ஒரு வார்த்தை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி மின்னலுக்கு முன் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள், கூரைக்கு மேல் உயரமாக எதையும் நிறுத்தாதீர்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம், பக்கத்து டவுண் எது, பிதுருதலாகலைக் கோபுரம் தெரிகிறதா என்று கீழே எழுதுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் என்றால் பழைய எல்.என்.பி.யும் ஃபைண்டரும் நானே தருகிறேன்.