வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள், எந்த வக்கீலிடம் போவது?

எட்டு வருடம் வேலை பார்த்த நிறுவனம் ராஜினாமா கடிதம் கேட்டதாகவும், மறுத்ததும் பணிநீக்க உத்தரவு வந்துவிட்டதாகவும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். குடும்பத்தின் சொத்து வழக்கைப் பார்த்த வக்கீலிடமே இதையும் கொடுக்கலாமா என்பது அவர் கேள்வி.

வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். பல நாடுகளில் தொழிலாளர் சட்டத்தில் மனுப்போடும் கெடு மிகக் குறுகியது. அதையே தினமும் பார்ப்பவருக்குத்தான் அது சட்டென்று நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவில் நியாயமற்ற பணிநீக்கம் என்று மனுப்போட 21 நாள்தான். சிங்கப்பூரில் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதம். மலேசியாவில் 60 நாள். இடத்துக்கு இடம் இது மாறுவதால்தான் உள்ளூர் வக்கீல் தேவை என்கிறேன். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் பலர். அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் கெடுவை நிறுத்தி வைக்காது. அதனால் உத்தரவில் உள்ள தேதியை இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆளை எங்கே தேடுவது? தொழிற்சங்கத்தில் கேளுங்கள். இதே மாதிரி வழக்கு நடத்திய பழைய சக ஊழியர்களிடம் கேளுங்கள். வழக்கறிஞர் சங்கங்கள் பல துறைவாரியாகப் பெயர் தருகின்றன. வருமானம் குறைவென்றால் இலவச சட்ட உதவி மையத்தையும் விசாரிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு: உங்கள் ஊர்த் தொழிலாளர் நீதிமன்ற விசாரணை பொதுமக்களுக்குத் திறந்திருந்தால், ஒருநாள் போய் உட்காருங்கள். ஊழியர் பக்கம் யார் வாதாடுகிறார், கட்டோடு தயாராக வருகிறாரா, வாய்தா வாங்கிக்கொண்டே போகிறாரா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது.

முதல் சந்திப்பில் விவரம் சொல்வதற்கு முன்பே, இந்த நிறுவனத்துக்காக எப்போதாவது ஆஜராகியிருக்கிறீர்களா என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, எச்சரிக்கைக் கடிதம், பணிநீக்க உத்தரவு, நடந்ததைத் தேதிவாரியாக எழுதிய ஒரு பக்கம், இவ்வளவையும் கையில் கொடுங்கள். ஆதாரம் சேர்க்கிறேன் என்று அலுவலக ரகசியக் கோப்புகளை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அதையே உங்கள்மேல் குற்றச்சாட்டாகத் திருப்புவார்கள்.

உங்கள் வழக்கில் எது பலவீனம் என்று அவரிடமே கேளுங்கள். தயங்காமல் சொல்பவரை நம்பலாம். "கண்டிப்பா ஜெயிச்சிடலாம்" என்பவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள்.

கட்டணம் மணிக்கணக்கிலா, மொத்தமாகவா, கிடைப்பதில் பங்கா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பங்கு முறை அமெரிக்காவில் சகஜம்; இந்தியாவில் வழக்கறிஞர் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. ஜெயித்தாலும் வக்கீல் செலவு எதிர்த்தரப்பிடமிருந்து திரும்ப வராத தீர்ப்பாயங்கள் பல உண்டு. அதனால் கிடைக்கக்கூடிய தொகையையும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே முடிவெடுங்கள். சில வேளை ஒரே ஒரு ஆலோசனையும் ஒரு நோட்டீஸுமே போதும். சிங்கப்பூரின் வேலைவாய்ப்பு உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் வக்கீல் வாதாடவே முடியாது. அங்கே அவர் பயன்படுவது மனுவையும் ஆதாரங்களையும் தயார் செய்யத்தான்.

இதற்கிடையில் "கணக்கு முடித்துத் தருகிறோம்" என்று நிறுவனம் ஒரு தாளை நீட்டினால், வக்கீல் படித்துப் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற ஒரு வரி அதில் இருக்கக்கூடும்.