25 டிகிரியில் சரி, 37-ல் தப்பு: தெர்மிஸ்டர் ஏன் கூடக் காட்டுகிறது?

கேள்வி: கோழி முட்டை இன்குபேட்டரில் அர்டுயினோ ஊனோவுடன் (புரோகிராம் போட்டு ஓட்டும் சின்ன மின்னணு போர்டு) 10கே (10 கிலோ ஓம்) என்டிசி தெர்மிஸ்டர், அதாவது சூடு ஏறினால் மின்தடை குறையும் சென்சார், போட்டிருக்கிறேன். ஏசி அறையில் 25 டிகிரியைச் சரியாகக் காட்டுகிறது. பெட்டிக்குள் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 37.5 காட்டும்போது இது 39.5 காட்டுகிறது. தெர்மிஸ்டர் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. புரோகிராமில் ‘பீட்டா’ என்ற எண்ணைப் பாருங்கள். அநேகமாக 3435 இருக்கும்.

10கே என்பது 25 டிகிரியில் உள்ள மின்தடை மட்டும்தான். சூடு ஏற ஏற அது எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதைச் சொல்வது பீட்டா. 3950 வகையும் கிடைக்கிறது, 3435 வகையும் கிடைக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 3950 வகை 37.5 டிகிரியில் சுமார் 5,870 ஓம் காட்டும். அதே 5,870-ஐ 3435 போட்டுக் கணக்கிட்டால் விடை 39.5. உங்களுக்கு வந்ததும் அதுதான். இப்படியே திரையில் 37.5 வரும்படி ஓட்டினால் முட்டைக்குக் கிடைப்பது 35.8 டிகிரிதான், குஞ்சு பொரிக்காது, பொரித்தாலும் தாமதமாகும்.

எந்த வகை என்று உறுதி செய்ய ஐஸ் போதும். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தெர்மிஸ்டரை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அமிழ்த்துங்கள். உறை இல்லாவிட்டால் கால்களுக்கிடையே தண்ணீர் வழியாகக் கசிவு ஏற்பட்டு அளவு குறைந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து மல்டிமீட்டரில் 32 முதல் 34 கிலோ ஓம் வந்தால் 3950. 27 முதல் 29 வந்தால் 3435.

பீட்டாவைத் திருத்திய பிறகும் ஒரு டிகிரி உதைத்தால், தெர்மிஸ்டருடன் தொடரில் போட்ட 10கே ரெசிஸ்டரைச் சந்தேகியுங்கள். இந்தச் சூட்டில் தெர்மிஸ்டர் டிகிரிக்கு 4 சதவீதம்தான் மாறும். 5 சதவீத கார்பன் ரெசிஸ்டர் தனியாகவே ஒரு டிகிரிக்கு மேல் தப்புக் காட்ட வைக்கும். 1 சதவீத மெட்டல் ஃபிலிம் போடுங்கள்.

அளவு துள்ளினால், தெர்மிஸ்டர் இணைந்த அனலாக் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். 16 அளவீடுகளின் சராசரியும் எடுங்கள். ஊனோ அனலாக் பின்னில் படிக்கும் எண் ஒரு டிகிரிக்குச் சுமார் 10 தான் மாறும் என்பதால் 0.1 டிகிரிக்குக் கீழே துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம்.

தெர்மிஸ்டர் சூடாக்கும் பல்புக்கு நேரே தெரியக் கூடாது. முட்டையின் மேல்மட்ட உயரத்தில், ஃபேன் காற்று படும் இடத்தில் தொங்கட்டும்.