மன்னர் வேண்டுமா, வேண்டாமா: விவாதத்தில் எந்த வாதம் நிற்கும்?

கேள்வி: கல்லூரி விவாதப் போட்டியில் 'நவீன நாட்டுக்குப் பரம்பரை மன்னர் தேவையா?' என்ற தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதை மேடையில்தான் சொல்வார்களாம், அதனால் இரண்டுக்கும் தயாராக வேண்டும். நார்வே, ஸ்வீடன், ஜப்பான் எல்லாம் மன்னர் இருந்தும் நன்றாகத்தானே இருக்கின்றன என்கிறான் ஒரு நண்பன். பிறப்பால் பதவி என்பதே அநியாயம், அதற்கு மேல் என்ன பேச்சு என்கிறான் இன்னொருவன். எந்த வாதம் தாங்கும், எது முதல் குறுக்குக் கேள்வியிலேயே விழும்? உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.

பதில்: என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டின் உச்சப் பதவியைப் பிறப்பை வைத்துக் கொடுப்பது தவறு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்காக எல்லா நாடுகளும் நாளைக்கே மன்னரை அனுப்பிவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மன்னரிடம் மிச்சம் இருக்கிற அதிகாரத்தை முதலில் எடுக்க வேண்டும், அவரை விமர்சிப்பதற்கு இருக்கிற தண்டனையையும் எடுக்க வேண்டும், அப்புறம் மக்களிடம் கேட்க வேண்டும். அதிகாரத்தைத் தொடாமல் ஆளை மட்டும் மாற்றினால் பழைய சிக்கல் புதிய பெயரில் தொடரும்.

முதல் நண்பரின் வாதம் கேட்க நன்றாக இருக்கும், மேடையில் கைதட்டலும் வாங்கும், ஆனால் நிற்காது. மன்னர் இருப்பதால் நார்வே நன்றாக இருக்கிறது என்றால், மன்னரே இல்லாத பின்லாந்தும் சுவிட்சர்லாந்தும் ஏன் நன்றாக இருக்கின்றன? கதை உண்மையில் தலைகீழானது. காலத்தோடு அதிகாரத்தை விட்டுக்கொடுத்த அரச குடும்பங்கள் தப்பித்தன, விட்டுக்கொடுக்காதவை போய்விட்டன. இத்தாலியில் முசோலினியை 1922-ல் பிரதமர் ஆக்கியவர் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல், போர் முடிந்ததும் 1946-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் முடியாட்சியையே வேண்டாம் என்றார்கள். நேபாளத்தில் 2005-ல் மன்னர் ஞானேந்திரா ஆட்சியை நேரடியாகக் கையில் எடுத்தார், மூன்றே ஆண்டுகளில், 2008-ல், முடியாட்சி ஒழிந்தது. ஆக, இன்று நாம் பார்க்கிற 'நல்ல' முடியாட்சிகள் எல்லாம் கெட்டவை கழிக்கப்பட்ட பிறகு மிஞ்சியவை. மிஞ்சியதை மட்டும் வைத்து அந்த முறையே நல்லது என்று சொன்னால் எதிரணி சும்மா விடாது.

செலவு, சுற்றுலா இரண்டையும் தொடாதீர்கள். பிரிட்டனில் அரச குடும்பத்தின் அலுவல் செலவுக்கு 2021 முதல் சில ஆண்டுகள் வருடத்துக்கு 8.63 கோடி பவுண்டு கொடுத்தார்கள், பாதுகாப்புச் செலவு தனி. பெரிய தொகைதான், ஆனால் குடியரசுத் தலைவருக்கும் மாளிகை, காவல், அலுவலகம் எல்லாம் வேண்டுமே. சுற்றுலாவும் அப்படித்தான், மன்னரே இல்லாத பிரான்சின் வெர்சாய் அரண்மனைக்குக் கூட்டம் குறையவில்லை.

சரி, எதைப் பேசுவது? மன்னருடைய கையெழுத்தைப் பேசுங்கள். ஒரு சட்டத்துக்கு அவர் கையெழுத்து வேண்டுமா, அவர் போட மறுத்தால் என்ன ஆகும், யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது பிரதமரைத் தேர்ந்தெடுப்பது யார்? ஒரு நாட்டின் முடியாட்சி ஆபத்தா இல்லையா என்பது இந்தக் கேள்விகளில் தெரிந்துவிடும்.

பெல்ஜியத்தில் 1990-ல் நடந்ததைப் பாருங்கள். கருக்கலைப்பைச் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. மன்னர் போதுவான் தீவிரக் கத்தோலிக்கர், கையெழுத்துப் போட மனசாட்சி இடம் தரவில்லை என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எல்லாக் குடிமக்களுக்கும் மனசாட்சிச் சுதந்திரம் இருக்கும்போது மன்னருக்கு மட்டும் இல்லையா என்று அதில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த சபை நிறைவேற்றிய சட்டம் ஒருவருடைய மனசாட்சிக்காக நிற்கலாமா என்பதும் நியாயமான கேள்வி. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? மன்னர் ஆள முடியாத நிலையில் இருக்கிறார் என்று அமைச்சரவை அறிவித்தது, அரசியல் சாசனத்தில் அதற்கென இருந்த விதியைப் பயன்படுத்தி அமைச்சர்களே சட்டத்தில் கையெழுத்திட்டார்கள், உடனேயே நாடாளுமன்றம் கூடி அவரைத் திரும்பப் பதவியில் அமர்த்தியது. எல்லாம் ஓரிரு நாளில் முடிந்துவிட்டது. இதை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம், பார்த்தீர்களா? ஆதரித்துப் பேசினால், சிக்கல் வந்தாலும் அமைப்பு சமாளித்தது என்று சொல்லலாம். எதிர்த்துப் பேசினால், அலங்காரப் பதவி என்று சொல்லிக்கொண்டே அதற்குள் ஒரு தடுப்பு அதிகாரத்தை ஒளித்து வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம்.

ஸ்வீடன் அந்தச் சிக்கலுக்கே இடம் வைக்கவில்லை. 1974-ல் எழுதிய அரசியல் சாசனத்தில் மன்னரிடமிருந்து அதிகாரத்தை முழுக்க எடுத்துவிட்டார்கள். சட்டத்துக்கு அவர் கையெழுத்து தேவையில்லை, பிரதமர் பெயரை முன்மொழிவது சபாநாயகர். 2018 செப்டம்பர் தேர்தலில் எந்த அணிக்கும் பெரும்பான்மை வரவில்லை, சபாநாயகர் முன்மொழிந்த இரண்டு பேரைச் சபை அடுத்தடுத்து நிராகரித்தது, 2019 ஜனவரியில்தான் ஸ்டீபன் லவ்வேன் திரும்பப் பிரதமர் ஆனார். நாலு மாத இழுபறி. அதில் மன்னருக்கு ஒரு வேலையும் இல்லை, யார் பக்கம் சாய்ந்தார் என்று யாரும் சந்தேகப்படவும் வழியில்லை. முடியாட்சியை ஆதரித்துப் பேச நேர்ந்தால் இதை வைத்துத் தொடங்குங்கள் என்பேன், ஏனென்றால் எதிரணியின் பலமான ஆயுதத்தை நீங்களே முதலில் பிடுங்கிவிடுகிறீர்கள்.

'ஆபத்து நேரத்தில் கட்சி சாராத ஒருவர் வேண்டும்' என்பது ஆதரவாளர்களின் உண்மையான பலம், அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1940-ல் ஜெர்மானியப் படை நார்வேக்குள் நுழைந்து, நாஜி ஆதரவாளரான குவிஸ்லிங்கைப் பிரதமர் ஆக்கச் சொன்னபோது, அப்படிச் செய்வதைவிட முடிதுறப்பேன் என்று அமைச்சரவையிடம் சொன்னவர் மன்னர் ஏழாம் ஹாகோன். 1905-ல் அவருக்கு அரியணை கொடுக்க வந்தபோது, முதலில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கேட்ட மனிதர் அவர். ஸ்பெயினில் 1981-ல் ராணுவச் சதி நடந்த இரவு, மன்னர் ஹுவான் கார்லோஸ் சீருடையோடு தொலைக்காட்சியில் தோன்றி ஜனநாயகத்தின் பக்கம் நின்றார். ஆனால் அதே ஹுவான் கார்லோஸ் பணம் பற்றிய புகார்கள் சூழ 2020-ல் நாட்டைவிட்டே போனார், அரியணையில் இருந்த காலத்துக்கு அவரை விசாரிக்கவே முடியாது என்று சாசனம் சொல்கிறது. நல்ல மன்னர் வாய்த்தால் லாபம், வாய்க்காவிட்டால் அவரை மாற்ற வழி என்ன என்று எதிரணி இங்கேதான் மடக்கும்.

இனி எதிர்த்துப் பேசும் பக்கம். இங்கே பலர் கோட்டை விடுவது, 'நீக்கிவிட்டு யாரை வைப்பீர்கள்?' என்ற கேள்வியில். பிரிட்டிஷ் ராணியே தலைவராக இருந்த ஆஸ்திரேலியாவில் 1999-ல் குடியரசு ஆகலாமா என்று வாக்கெடுப்பு நடந்து, சுமார் 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் அரச குடும்பத்தின் மேல் பாசம் என்று நினைக்காதீர்கள். நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் தலைவர் என்பதுதான் வாக்குச்சீட்டில் இருந்த திட்டம், மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விரும்பிய குடியரசுவாதிகளில் ஒரு பகுதியினர் அதை எதிர்த்தே வாக்களித்தார்கள். பார்படாஸ் 2021-ல் இதைச் சுலபமாக முடித்தது. பிரிட்டிஷ் ராணியின் பிரதிநிதியாக, அதாவது கவர்னர் ஜெனரலாக, இருந்த சாண்ட்ரா மேசனையே நாடாளுமன்றம் முதல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது, அதிகாரங்கள் பெரிதாக மாறவில்லை.

தேர்தல் மூலம் வந்தவர் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிடாதீர்கள். 1975 ஜூனில் இந்தியாவின் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர்தான். அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவில், ராணியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல், கீழவையில் பெரும்பான்மை உள்ள பிரதமர் விட்லமைப் பதவிநீக்கம் செய்தார். ஒருவர் மறுக்காமல் கையெழுத்துப் போட்டார், இன்னொருவர் யாரும் எதிர்பார்க்காத அதிகாரத்தைக் கையில் எடுத்தார்.

விமர்சனச் சுதந்திரத்தைக் கட்டாயம் சேருங்கள். தாய்லாந்தில் மன்னரை அவமதித்ததாக ஒரு குற்றச்சாட்டு நிரூபணமானால் மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை. அங்கே மக்கள் மன்னரை விரும்புகிறார்கள் என்று யாராவது சொன்னால், விரும்பவில்லை என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அதிகம் பேர் பேசாத ஒரு வாதமும் இருக்கிறது, எனக்கு மனதுக்கு நெருக்கமானது. பரம்பரைப் பதவி மக்களுக்கு மட்டுமல்ல, அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும் அநியாயம். ஜப்பானில் முந்தைய பேரரசர் அகிஹிட்டோ வயதாகிவிட்டது என்று விலக, தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது, 2019-ல் விலகும்போது வயது 85. பெண்கள் அரியணை ஏற முடியாது, வெளியே திருமணம் செய்தால் அரச குடும்பத்திலிருந்தே விலக வேண்டும். அதனால் அடுத்த தலைமுறையின் மொத்தப் பாரமும் 2006-ல் பிறந்த ஹிசாஹிட்டோ என்ற ஒரே ஆண் வாரிசின் மேல்.

ஆதரித்துப் பேசும்போது 'மன்னரை நீக்க வழியே இல்லையே' என்று எதிரணி கேட்டால் பூட்டானைக் காட்டுங்கள். அங்கே 2008 அரசியல் சாசனப்படி மன்னர் 65 வயதில் ஓய்வு பெற வேண்டும். சாசனத்தை வேண்டுமென்றே மீறினாலோ நிரந்தர மனநலக் குறைபாடு ஏற்பட்டாலோ அதற்கு முன்பே அவரைப் பதவியிலிருந்து இறக்கலாம், அதற்கு நாடாளுமன்றக் கூட்டு அமர்வில் நாலில் மூன்று பங்கு ஆதரவும், பொதுவாக்கெடுப்பில் மக்கள் சம்மதமும் வேண்டும்.