ஸ்கை தீவின் போரரெய்க்: இடிந்த கல்வீடுகளில் எது வீடு, எது தொழுவம்?

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கைவிடப்பட்ட ஊரான போரரெய்க்கின் கடற்கரையில் எல்லாமே ஒரே மாதிரிக் கற்குவியலாகத் தெரிகிறது, எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மூலைகளைப் பாருங்கள்.

வெளிமூலை வளைந்து, சாந்தே இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கியிருந்தால் அது பெரும்பாலும் ஊர் காலியாக்கப்பட்ட 1853-க்கு முந்தைய குடியானவர் கட்டடம். வெளியே ஓர் அடுக்கு, உள்ளே ஓர் அடுக்கு, நடுவில் மண். மொத்தக் கனம் ஏறக்குறைய 1 மீட்டர். மூலை செங்கோணமாக, சுண்ணாம்புச் சாந்து பூசி, குறுகிய முனைச் சுவரில் புகைபோக்கியும் இருந்தால் பிற்காலக் கட்டடம், பெரும்பாலும் ஆட்டு மேய்ப்பரின் வீடு. பழைய வீட்டில் அடுப்பு தரை நடுவில் எரிந்தது. புகைபோக்கி இல்லாததைக் கண்டு தொழுவம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான்.

தொழுவம் பல இடங்களில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. வீட்டைச் சரிவோடு நீளவாக்கில் போட்டிருப்பார்கள்: மேட்டுப்பக்கம் மனிதர், பள்ளத்துப்பக்கம் மாடு. கழிவு கீழே வழிந்தோட வேண்டுமே. பள்ளத்துச் சுவரின் அடியில் சிறு துளையோ வாய்க்காலோ தெரிந்தால் அந்தப் பாதி தொழுவம். நீளச் சுவர்களில் எதிரெதிரே இரண்டு வாசல் இருந்தால் களஞ்சியமாக இருக்கலாம். குறுக்கே வீசும் காற்றில் தானியம் தூற்றுவார்கள். கிண்ணம் போன்ற வட்டக் குழியும் அதற்குள் போகும் புகைவழியும் தானியம் உலர்த்தும் சூளை.

ஒரு வீட்டிலும் கூரை இல்லாததற்குக் காரணம் மழை மட்டுமல்ல. மரம் அரிதான ஊரில் உத்தரக் கட்டைதான் வீட்டின் விலைமதிப்பான பாகம். குடிபெயர்வோர் அதைக் கழற்றி எடுத்துச் செல்வார்கள். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாடான ஹைலண்ட்ஸில் குடியானவர்களை விரட்டிய நிலக்கிழார்களின் ஆட்களும் திரும்பி வரவிடாமல் செய்யக் கூரையைத்தான் பிரித்தார்கள், எரித்தார்கள். 1853-ல் மெக்டொனால்ட் பிரபுவின் எஸ்டேட்டை நிர்வகித்தவர்கள் போரரெய்க்கையும் பக்கத்துச் சுயிஷ்னிஷையும் ஆட்டுப் பண்ணைக்காகக் காலி செய்தனர். எதிர்த்த மூவர் மீது இன்வர்னஸ் நகரில் வழக்கு நடந்தது, அவர்கள் விடுதலையானார்கள். ஊர் திரும்பியும் மறுபடி விரட்டப்பட்டார்கள். அந்தக் கொடுமையை மனதில் வைத்துக்கொண்டு சுவர்களைப் பாருங்கள். கூரை போனதும் தண்ணீர் நடுமண்ணில் இறங்கி அதைக் கரைக்கும். கல்முகம் பிதுங்கிச் சரியும். வாசலுக்கு மேல் மர உத்தரம் இருந்த இடம்தான் பெரும்பாலும் முதலில் விழும்.

நேரான, நீண்ட சுவர்களால் அறை அறையாகப் பிரித்த பெரிய அடைப்பு ஆட்டுப்பட்டி. வீட்டுக் கற்களைப் பெயர்த்தே பட்டி கட்டுவது ஹைலண்ட்ஸில் வழக்கம். அருகில் ஒரு வீடு அடித்தளம் மட்டுமாக நின்றால் வியப்பில்லை. சரிவில் இணைகோடுகளாக மேடு பள்ளம் தெரிந்தால் அவை பழைய பயிர்ப்பாத்திகள், கடற்பாசி உரமிட்டு உருளைக்கிழங்கும் ஓட்ஸும் விளைந்தவை. காஞ்சொறி வகைச் செடி அடர்ந்த இடம் மனிதரும் மாடும் நெடுநாள் இருந்த மண்.

கோடையில் போகாதீர்கள், பெரணி இடுப்பளவு வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். மார்ச், ஏப்ரலில் தாழ்வெயில் படும்போது பாத்திகள் நிழலோடு எழுந்து தெரியும். காமஸ் மலாக் விரிகுடாவிலிருந்து சுயிஷ்னிஷ் வழியாகச் சுற்றி வந்தால் சுமார் 16 கி.மீ.; முழு நாள் ஒதுக்குங்கள். கிளம்பும் முன் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 1870-களில் அளந்த, ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும் வரைபடத்தை இலவசமாகப் பாருங்கள். நிறம் தீட்டாமல் வெறும் கோடாக வரைந்த கட்டடங்கள் அப்போதே கூரை இழந்தவை. சுவர் மேல் ஏறாதீர்கள், ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள்.